பழுப்புக் கலங்கல்

மேக்னடிக் பீட்ஸை முதன்முதலில் பார்த்தபோது, கெட்டுப்போன சரக்கை யாரோ அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு பாட்டில். மேலே தண்ணீர் போலத் தெளிவு. அடியில் ரசச் சட்டியில் தங்கிய மண்டி மாதிரி ஒரு பழுப்புப் படிவு.

2020 மே மாதம். தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் ஒப்பந்த டெக்னீஷியனாகச் சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் எட்டு வருஷம் சென்னையில் ஒரு தனியார் லேபில் இதே எக்ஸ்ட்ராக்‌ஷன் வேலைதான் பார்த்தேன். எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. கிட்டோடு வந்த தாளைப் பாதிதான் படித்தேன். 20 மைக்ரோலிட்டர் பீட்ஸ் சேர்க்கச் சொல்லியிருந்தது. மேலே தெளிந்திருந்ததைப் பைப்பெட்டில் உறிஞ்சி 24 குழாய்களிலும் விட்டேன். மண்டி ஏறிவந்துவிடக் கூடாதே என்று டிப்பை மேலாகவே பிடித்துக்கொண்டேன். அவ்வளவு கவனம்.

நாலு மணி நேரம் கழித்து பிசிஆர் திரையில் ஒரு கோடுகூட எழும்பவில்லை. கொரோனா வைரஸுக்கான கோடு எழும்பாவிட்டால் நெகட்டிவ் என்று சந்தோஷப்படலாம். ஆனால் ஒவ்வொரு சாம்பிளிலும் மனித ஜீன் ஒன்றையும் கூடவே தேடுவோம். ஆர்னேஸ் பி என்று பெயர். மூக்கிலும் தொண்டையிலும் தடவி எடுத்த பஞ்சில் ஆளுடைய செல் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும், அதனால் அந்தக் கோடு வந்தே ஆகவேண்டும். அதுவும் வரவில்லை. மைக்ரோபயாலஜி மேடம் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"இருபத்தினாலு பேர்ல ஒருத்தர்கூட மனுஷங்க இல்லையாம்மா?"

திட்டவில்லை. பாட்டிலை வாங்கி வோர்டெக்ஸ் என்கிற குலுக்கியில் வைத்து அழுத்தினார். பத்து விநாடியில் முழு பாட்டிலும் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. "இப்பப் போடுங்க" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். நல்லவேளையாக, சாம்பிள் குழாயில் இருப்பது 3 மில்லி, ஒரு தடவைக்கு நாங்கள் எடுப்பது 200 மைக்ரோலிட்டர். 24 பேரில் யாரையும் திரும்பக் கூப்பிட்டு மூக்கில் குச்சியை விட வேண்டியிருக்கவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடி ஆரம்பித்து, விடியும்போது ரிசல்ட் போட்டோம்.

அந்த வருஷம் ஊரில் எல்லார் வாயிலும் பிசிஆர் என்ற பெயர் இருந்தது. பிசிஆர் மெஷின் எத்தனை வந்திருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கு முந்தின வேலைக்குப் பெயரும் இல்லை, படமும் இல்லை. ஆனால் ரன் கெட்டுப்போனால் பத்தில் எட்டுத் தடவை கெட்ட இடம் அந்த முந்தின வேலைதான். இது என் கணக்கு, எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

இளஞ்சிவப்பாக ஒரு திரவத்தில் பஞ்சுக் குச்சி மிதந்துகொண்டு வரும். அதில் சளி, செல், பாக்டீரியா, உப்பு, புரதம், பாக்டீரியா வளராமல் இருக்கச் சேர்த்த மருந்து எல்லாம் இருக்கும். நமக்கு வேண்டிய ஆர்என்ஏ அதில் ஒரு துளியின் துளி. பிசிஆருக்கான என்சைம் ரொம்ப நாசூக்கானது. இத்தனை அழுக்கோடு போட்டால் வேலை செய்யாது. ஆர்என்ஏவை மட்டும் பிரித்து, கழுவி, சுத்தமான தண்ணீரில் கொடுக்க வேண்டும். 200 மைக்ரோலிட்டர் சாம்பிளில் இருந்ததை 50 மைக்ரோலிட்டரில் இறக்குவோம், கொஞ்சம் கெட்டியாகவும் ஆகும். இதுதான் எக்ஸ்ட்ராக்‌ஷன்.

இன்று உலகம் பூராவும் விற்கிற கிட்டுகளில் பெரும்பாலானவை 1990இல் ஆம்ஸ்டர்டாமில் பூம் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட முறையின் பிள்ளைகள்தான். குவானிடினியம் தயோசயனேட் என்ற உப்பைச் சாம்பிளில் கலந்தால் செல்லும் வைரஸும் உடையும், ஆர்என்ஏவைத் தின்னும் என்சைம்கள் செயலிழக்கும், அதே சமயம் டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டும் சிலிக்கா என்கிற மணல் சரக்கின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஆல்கஹாலில் கழுவினால் அழுக்கு போகும், ஒட்டியது போகாது. கடைசியில் உப்பில்லாத தண்ணீரை விட்டால் பிடியைத் தளர்த்திக்கொண்டு வந்துவிடும். ஒட்டு, கழுவு, விடு. எட்டு வருஷம் இந்த மூன்று வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன், வேறு ரூபத்தில்.

அந்த ரூபத்துக்குப் பெயர் காலம், அதாவது ஆங்கில column. சின்ன பிளாஸ்டிக் கிண்ணம், அடியில் சிலிக்கா தகடு. சாம்பிளை ஊற்றி சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் திரவம் தகட்டைத் தாண்டிக் கீழே இறங்கும், டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் தகட்டில் தங்கும். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி வைரல் லோடுக்கு ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது சாம்பிள் வரும். சுற்ற வேண்டும், கீழே இறங்கியதைக் கொட்ட வேண்டும், கழுவும் திரவத்தை ஊற்ற வேண்டும், மறுபடி சுற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறக்கணும், மூடணும். எனக்கு வலது கட்டைவிரல் நகம் அந்த வருஷங்களில் முழுசாக வளர்ந்ததே கிடையாது. கெட்டியான சாம்பிள் வந்தால் தகடு அடைத்துக்கொள்ளும். எத்தனை சுற்றினாலும் இறங்காது. இருந்தும் காலத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அதில் ஏமாற்று இல்லை: இறங்கியதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம்.

பீட்ஸிலும் சிலிக்காதான். தகட்டுக்குப் பதிலாக, அதே சிலிக்காவை இரும்பு ஆக்சைடு துகளின் மேல் பூசியிருக்கிறார்கள். நாங்கள் பயன்படுத்தியவை ஒரு மைக்ரோமீட்டர் அளவில் இருந்தன. தலைமுடியின் தடிமனுக்குக் குறுக்கே ஐம்பது, அறுபதை வரிசையாக வைக்கலாம். சாம்பிளில் போட்டுக் கலக்கினால் மூலைமுடுக்கெல்லாம் போய் ஆர்என்ஏவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு குழாய்க்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் எல்லாம் ஒரு ஓரமாக வந்து ஒட்டும். திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கழுவலாம். சென்ட்ரிஃபியூஜே வேண்டாம்.

இதை அம்மாவுக்குப் போனில் விளக்கியபோது, "அரிசி களையற மாதிரிதானே?" என்றாள். அதேதான். கையால் அரிசியை அணைத்துப் பிடித்துக்கொண்டு கழுநீரைச் சாய்ப்பாளே, அந்தக் கைதான் காந்தம்.

ஒரு விஷயம் மட்டும் அரிசியில் கிடையாது. காந்தத்தை எடுத்ததும் இந்த மணிகள் காந்தமே பார்க்காதவை போல ஆகிவிட வேண்டும். ஊசியைக் காந்தத்தில் தேய்த்தால் ஊசியும் காந்தமாகிவிடும். பீட்ஸ் அப்படி ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், அடுத்த கழுவலில் பிரியாது. மணிக்குள் இருக்கும் இரும்பு ஆக்சைடு மிக நுண்ணிய துகளாக, சில நானோமீட்டர் அளவில் இருந்தால் காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை இழுபடும், விலகினால் மறந்துவிடும். சூப்பர் பாராமேக்னடிக் என்று இதற்குப் பெயர். நார்வேயில் ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்தில் ஜான் உகெல்ஸ்டாட் என்ற வேதியியலாளர் 1970களில் ஒரே அளவுள்ள பிளாஸ்டிக் மணிகளைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். புவியீர்ப்பு இல்லாத விண்வெளியில்தான் அப்படிச் செய்ய முடியும் என்று அன்றைக்கு நினைத்திருந்தார்களாம். அந்த மணிகளுக்குள் இரும்பு ஆக்சைடை ஏற்றியதில்தான் காந்த மணிகள் ஆய்வகங்களுக்கு வந்தன. 2020இல் உலகம் முழுக்க எக்ஸ்ட்ராக்‌ஷன் கிட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அதே ட்ரொண்ட்ஹெய்ம் பல்கலைக்கழகத்தில் இரும்பு ஆக்சைடு துகளுக்குச் சிலிக்கா பூசித் தங்கள் நாட்டுக்கு வேண்டிய பரிசோதனைச் சரக்கைத் தாங்களே செய்துகொண்டார்கள். நாற்பது, ஐம்பது வருஷமாக ஒரு ஊரில் ஒரு கைத்தொழில் தங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நம் பக்கம் சில ஊருக்குப் பூட்டும் சில ஊருக்குப் பாயும் போல.

எங்களுக்கும் தட்டுப்பாடு வந்தது. தமிழ்நாட்டில் கொரோனாவுக்கு ஆர்டி-பிசிஆர் ஒன்றையே நம்புவது என்று அரசு பிடிவாதமாக இருந்தது. அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதன் பாரம் முழுக்க எக்ஸ்ட்ராக்‌ஷன் மேஜையின் மேல் விழுந்தது. இந்த வாரம் ஒரு கம்பெனி கிட், அடுத்த வாரம் வேறொன்று. ஒன்றில் பீட்ஸ் 10, இன்னொன்றில் 20. ஒன்றில் ஐசோப்ரொப்பனால் நாம் சேர்க்க வேண்டும், இன்னொன்றில் அவர்களே சேர்த்திருப்பார்கள். ஒரு கம்பெனி பீட்ஸ் அரை நிமிஷத்தில் காந்தத்துக்கு வந்துவிடும், இன்னொன்று ஐந்து நிமிஷம் ஆனாலும் தண்ணீரில் புகை மாதிரி நிற்கும். ஒரே குழம்பை வாரத்துக்கு ஒரு வீட்டு அடுப்பில் வைக்கிற கதை.

எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின் வருவதற்கு முந்தின ஆறு வாரம் கையால்தான் செய்தோம். காந்த ஸ்டாண்ட் ஒன்றுதான் இருந்தது, 16 குழாய்க்கு. இரண்டு மேஜைக்கு அது போதாது. எங்களோடு வேலை பார்த்த ஒரு தம்பி உடைந்த ஸ்பீக்கரிலிருந்து வட்டக் காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். சின்ன வயதில் ஆற்று மணலில் நூல் கட்டி இழுப்போமே, அந்தக் கறுப்புக் காந்தம். குழாயோடு வைத்துப் பத்து நிமிஷம் காத்திருந்தோம். பழுப்பு கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான். மறுநாள் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கைப் பிரித்து உள்ளே இருந்த பளபளக்கும் பிறை வடிவக் காந்தத்தை எடுத்துவந்தான். அது நியோடிமியம். குழாய்ப் பக்கத்தில் வைத்த கணத்தில் பீட்ஸ் ஒரு பக்கம் ஓடிவந்து சுவரில் பிறையாகவே படிந்தது. தெர்மோகோலில் பள்ளம் தோண்டி நாலு காந்தத்தைப் பதித்து ஒரு ஸ்டாண்ட் செய்தோம். பரிசோதனை ரன்னில் கம்பெனி ஸ்டாண்டும் தெர்மோகோல் ஸ்டாண்டும் ஒரே அளவு சிடி மதிப்பை (எத்தனையாவது பிசிஆர் சுற்றில் கோடு எழும்புகிறது என்ற எண்) கொடுத்தன. மேடம் பார்த்துவிட்டு, "இதை ஆடிட்ல காட்டிடாதீங்க" என்றார். வெளி ஆய்வு வந்த அன்று அதை என் டிபன் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கையால் செய்த அந்த ஆறு வாரம்தான் பீட்ஸைப் பற்றி எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தது. ஓரமாக ஒட்டியிருக்கும் பழுப்பைத் தொடாமல் எதிர்ச் சுவர் வழியாக டிப்பை இறக்கி உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது டிப்பில் லேசாகப் பழுப்பு ஏறினால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். திருப்பி விட்டு, இன்னும் ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். நள்ளிரவில் 90ஆவது சாம்பிளில் அந்த ஒரு நிமிஷம்தான் யாருக்கும் இருக்காது. பாதி பீட்ஸ் போனால் பாதி ஆர்என்ஏ போகும். பாதி போனால் பிசிஆரில் ஒரு சுற்று தாமதம், அதாவது சிடி ஒன்று கூடும். 22 என்று வர வேண்டியவர் 23 ஆவதில் ஒன்றுமில்லை. 34இல் இருப்பவர் நாலு அவசரத்தில் 38 ஆகிவிட்டால், அவர் நெகட்டிவ் தாளோடு வீட்டுக்குப் போய் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவார்.

காய வைப்பதில் இன்னொரு பாடம். கடைசியாக 80 சதவீத எத்தனாலில் கழுவியபின் அந்த எத்தனால் முழுக்கப் போக வேண்டும். மிச்சமிருந்தால் பிசிஆர் படுத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து பத்து நிமிஷம் வைக்கச் சொல்லும் தாள். எங்கள் லேபில் ஏசி ரிப்பேர். வைகாசி வெயில். பத்து நிமிஷத்தில் பீட்ஸ் கோடையில் ஏரி வறண்ட மாதிரி பாளம் பாளமாக வெடித்துவிட்டது. அப்படி வெடித்தபின் தண்ணீர் விட்டால் திரும்பக் கலங்காது, ஆர்என்ஏவை விடாது. தாள் எழுதியவர் எந்தக் குளிர்தேசத்தில் உட்கார்ந்து எழுதினாரோ. அன்றிலிருந்து கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். பழுப்பின் மேல் இருக்கும் ஈரப் பளபளப்பு மங்கும் நேரம்தான் கணக்கு. எங்கள் ஊரில் அது நாலு நிமிஷம், மழை நாளில் ஏழு. புதிதாக வந்தவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: கோலமாவு நிறத்துக்குப் போகவிடாதே, ஈரமண் நிறத்தில் நிறுத்து.

ஜூலையில் மெஷின் வந்தது. ஒரு தடவைக்கு 32 சாம்பிள், அரைமணிச் சொச்சம். இதில் திரவத்தை உறிஞ்சி எடுப்பதே கிடையாது. காந்தக் கம்பிகள் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு பிளேட்டின் குழிக்குள் இறங்கும். பீட்ஸ் உறையின் மேல் ஒட்டும். அப்படியே தூக்கி அடுத்த குழிக்குக் கொண்டுபோய், கம்பியை மட்டும் மேலே இழுத்துக்கொண்டு உறையை ஆட்டினால் பீட்ஸ் அங்கே உதிரும். கழுநீரைச் சாய்க்காமல் அரிசியை அள்ளி அடுத்த பாத்திரத்தில் போடுவது போல. அம்மாவுக்கு இதையும் சொன்னேன். "அப்ப கழுநீர் மிச்சமாகுமே, மாட்டுக்கு ஆகுமா?" என்று கேட்டாள்.

ஆகாது. அந்தக் கழுநீர்தான் எங்கள் லேபில் நடந்த ஒரே பெரிய விபத்துக்குக் காரணம். ஆஸ்பத்திரியில் எது கீழே சிந்தினாலும், எதைக் கொட்டினாலும் அதன்மேல் ஹைப்போ என்கிற ப்ளீச் திரவத்தை ஊற்றுவதுதான் பழக்கம். கிருமி சாகும். ஆனால் அந்தக் குவானிடினியம் தயோசயனேட் இருக்கும் கழிவோடு ஹைப்போ சேர்ந்தால் சயனைடு வகை நச்சு வாயு கிளம்பும். இது எனக்குத் தெரியும், மேடத்துக்குத் தெரியும். துப்புரவுக்குப் புதிதாக வந்த அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. வேலை முடிந்த பிளேட்டுகளை வாளியில் போட்டு, நல்ல மனசோடு அரை லிட்டர் ஹைப்போவை ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் தலை கனத்தது, தொண்டை எரிந்தது. கவச உடையோடு வராந்தாவுக்கு ஓடினோம். பெரிதாக எதுவும் ஆகவில்லை. அந்த அக்காவுக்கு மட்டும் ராத்திரி முழுக்க வாந்தி. அவர் மேல் தப்பில்லை. பாட்டிலின் மேல் எச்சரிக்கை இருந்தது, ஆங்கிலத்தில். மறுநாள் வாளிக்கு மேல் சுவரில் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டினேன்: "இதில் ஹைப்போ ஊற்றாதே."

மெஷின் வந்தபிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நிரப்பியே வரும் பிளேட்டுகள் லாரியில் தலைகீழாகப் பயணம் செய்து வரும். பீட்ஸ் மேல் ஃபாயிலில் போய் ஒட்டியிருக்கும். தட்டி இறக்காமல் ஃபாயிலைக் கிழித்தால், பீட்ஸ் ஃபாயிலோடு குப்பைக்குப் போய்விடும். மெஷினுக்கு அது தெரியாது. வெறும் தண்ணீரை அரைமணி நேரம் பக்தியோடு ஆட்டிவிட்டு வேலை முடிந்ததென்று மணியடிக்கும். ஒரு தடவை ரன் நடுவில் கரண்ட் போனது. யூபிஎஸ் பிசிஆருக்கு மட்டும்தான் இருந்தது. கம்பிகள் பாதிக் குழியில் நின்றுவிட்டன. கதவைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் உறையோடு பிளேட்டைக் கழற்றி, குழிகளில் இருந்ததைக் குழாய்களுக்கு மாற்றி, தெர்மோகோல் ஸ்டாண்டில் வைத்துக் கையாலேயே மிச்சக் கழுவலை முடித்தோம். 32இல் 31 சாம்பிளில் மனித ஜீன் ஒழுங்காக வந்தது. அந்த ஒன்று ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியாது.

பிற்பாடு, 2022இல், மரபணு வரிசை படிக்கும் லேப் ஒன்றில் பத்து நாள் பயிற்சிக்குப் போனேன். அங்கே பீட்ஸின் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். சிலிக்கா இல்லை, குவானிடினும் இல்லை. பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பிசுபிசுப்பும் உப்பும்தான் டிஎன்ஏவைப் பீட்ஸ் மேல் தள்ளுகின்றன. 1990களின் நடுவில் அமெரிக்காவில் வொயிட்ஹெட் நிறுவனத்தில் கண்டுபிடித்த முறை. சாம்பிள் அளவுக்கு 1.8 மடங்கு பீட்ஸ் திரவம் ஊற்றினால் சின்னத் துண்டுகளும் ஒட்டும். 0.8 மடங்கு ஊற்றினால் பெரிய துண்டு மட்டும்தான் ஒட்டும், சின்னது கழுவலோடு போய்விடும். இரண்டுக்கும் பீட்ஸ் அதேதான், காந்தமும் அதேதான். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பதைப் பைப்பெட் பிடித்த கை முடிவு செய்கிறது. டிப்பின் வெளியே ஒட்டிக்கொண்டு ஒரு துளி கூடப் போனால் அளவு மாறிவிடும். அந்தப் பத்து நாளில் நான் கற்றதில் பாதி, டிப்பை வெளியே எடுக்கும்போது குழாய் விளிம்பில் தொட்டு எடுப்பதுதான்.

இப்போது எங்கள் லேபில் டெங்கு, இன்ஃப்ளூயன்சா, ஸ்க்ரப் டைஃபஸ் பார்க்கிறோம். ஒரு நாளைக்கு இருபது, முப்பது சாம்பிள். மெஷின் மேல் துணி போர்த்தியிருக்கிறது. பழுது ஒன்றும் இல்லை. அந்தக் கம்பெனியின் பிளாஸ்டிக் உறையும் பிளேட்டும் மட்டும்தான் அதில் பொருந்தும், அதற்கான ஆர்டர் ஏழு மாதமாக நிற்கிறது. நாங்கள் மறுபடி கையால் செய்கிறோம். கம்பெனி ஸ்டாண்ட் இரண்டு வந்துவிட்டது. தெர்மோகோல் ஸ்டாண்ட் அலமாரியில் இருக்கிறது.

ஆய்வகத்துக்கு மெஷின் வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மெஷினின் விலையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் அந்தப் பிளாஸ்டிக் உறை ஒன்று என்ன விலை, வேறு கம்பெனி உறை அதில் மாட்டுமா, அடுத்த ஐந்து வருஷத்துக்கு யார் தருவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, கையால் செய்ய 16 குழாய் காந்த ஸ்டாண்ட் இரண்டும் சேர்த்து வாங்குங்கள்.